தாத்தா பேரில் ஒரு பேரன்: ஸ்னாப்ஷாட் மவுண்ட் ஆகாத கதை

மக்கா, இது கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரமாக்கும். தலைப்பைப் பாத்துட்டு குடும்பக் கதைன்னு வந்தவங்க மன்னிக்கணும். ஆனாலும் ஓடிராதீங்க. நடுவுல கோட்டாறு கம்போளம் வருது, ஒக்கி புயல் வருது, தாத்தா-பேரன் பஞ்சாயத்தும் வருது :-)

எங்க ஊர்ப் பக்கம் கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம்னு எங்க போய் "பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டாலும், "ஸ்னாப்ஷாட் ஓடுது சார், தினம் ராத்திரி எடுக்கு"ன்னு பதில் வரும். நல்ல விஷயம். "அதை ஒருநாளாவது திறந்து பாத்தியளா?"ன்னு அடுத்த கேள்வி கேட்டா ஆள் நம்ம மூஞ்சியையே பாப்பார். இந்த ரெண்டாவது கேள்விக்குப் பின்னால நாப்பது வருஷ வரலாறு இருக்கு. எடுக்கிறதை ரொம்ப சீக்கிரமே கத்துக்கிட்டாங்க. திறக்கிறதுதான் இழுத்துக்கிட்டே வந்தது.

முதல்ல ஸ்னாப்ஷாட்னா என்ன? ஒரு ஃபைல்சிஸ்டம், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, ஒரு குறிப்பிட்ட நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே உறைஞ்சு நிக்கிற தோற்றம். இதை முழு நகல்னு நினைச்சுக்கிடுதோம். அது நகல் இல்லை.

கோட்டாறு கம்போளத்துல ஒரு மொத்த வியாபாரக் கடைன்னு வச்சுக்கிடுங்க. 400 பக்கப் பேரேடு. "இன்னைக்கு காலை 10 மணி நிலவரம் எனக்கு அப்படியே வேணும்"னு முதலாளி சொல்லுதார். கணக்குப்பிள்ளை 400 பக்கத்தையும் உக்காந்து பகர்த்தி எழுத மாட்டார். ஒரு தனித்தாள் கட்டை எடுத்து வச்சுக்கிட்டு, "10 மணிக்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும், திருத்துறதுக்கு முன்ன பழைய பக்கத்தை இந்தத் தாள்ல எழுதி வச்சிருவேன்"னு சொல்லுவார். அவ்வளவுதான். பிறகு 10 மணி நிலவரம் பாக்கணும்னா, தனித்தாள்ல அந்தப் பக்கம் இருக்கான்னு பாக்கணும். இருந்தா அது. இல்லைன்னா அந்தப் பக்கம் இன்னும் மாறலைன்னு அர்த்தம், பேரேட்டையே பாத்துக்கலாம்.

இதுக்கு காப்பி-ஆன்-ரைட்னு பேர். ஒரு நொடியில் எடுத்துரலாம், இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். ஆனா பேரேடு எரிஞ்சா தனித்தாள் கட்டு மட்டும் ஒண்ணுத்துக்கும் ஆகாது. அதனாலதான் ஸ்னாப்ஷாட்டே பேக்கப் ஆகாதுன்னு சொல்றது. ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, அதிலிருந்து வேற டிஸ்குக்கோ டேப்புக்கோ எடுத்து வச்சாதான் பேக்கப். திறக்க முடியலைன்னா அந்த வேலையே நடக்காது.

திறக்கிறதுக்கு யூனிக்ஸ் பாஷையில 'மவுண்ட்' பண்றதுன்னு பேர். நிஜமாவே தூக்கி ஏத்துற காலத்து வார்த்தை அது. 1970களில் பிடிபி-11 கம்ப்யூட்டர்ல ஆர்கே05ன்னு ஒரு டிஸ்க், சாப்பாட்டுத் தட்டு மாதிரி, சுமார் 2.5 மெகாபைட் கொள்ளும். அதைக் கையால தூக்கி டிரைவுக்குள்ள சொருகி, பிறகு "இந்தத் தட்டை இந்த டைரக்டரியில வை"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லணும். ஒரு தட்டு ஒரு இடத்துலதான் இருக்க முடியும். ஒரே தட்டு ரெண்டா வந்து நிக்கும்னு அன்னைக்கு யாருக்கும் நினைக்க அவசியமே இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால வேணும்.

ஆரம்பத்துல ஸ்னாப்ஷாட்டை ஃபைல்சிஸ்டமே எடுத்துச்சு. 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து செய்த ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டத்தில், ஒவ்வொருத்தர் வால்யூமுக்கும் ராத்திரி ஒரு 'பேக்கப்' குளோன் எடுத்து வைக்கலாம். பல இடங்கள்ல அதை அவங்கவங்க வீட்டு டைரக்டரியிலேயே 'ஓல்ட்ஃபைல்ஸ்'னு மாட்டி விட்டாங்க. நேத்து அழிச்ச ஃபைல் வேணும்னா அட்மினைத் தேட வேண்டாம், உள்ள போய் எடுத்துக்கலாம். ஒரே ஒரு நாள் பழசுதான் கிடைக்கும், அதுக்கு மேல கிடையாது.

எனக்குப் பிடிச்சது பெல் லேப்ஸ்காரங்க யூனிக்ஸுக்குப் பிறகு செய்த பிளான் 9. அதோட ஃபைல் சர்வர், கென் தாம்ப்சன் கைவேலை. தினமும் விடியக்காலம் 5 மணிக்கு மொத்த ஃபைல்சிஸ்டத்தையும் ஒரு நொடி நிறுத்தி, மாறின பிளாக்குகளுக்கு அடையாளம் போட்டு, ஒரு தடவை எழுதினா அழிக்க முடியாத ஆப்டிகல் தட்டுகளுக்கு அனுப்பிரும். திறக்கிறது அதைவிட அழகு. 'டம்ப்'னு ஒரு டைரக்டரி, அதுக்குள்ள வருஷம், அதுக்குள்ள மாசமும் தேதியும். 1995 மார்ச் 15 அன்னைக்கு அந்த ஃபைல் எப்படி இருந்ததுன்னு பாக்கணுமா, அந்தத் தேதிக்குள்ள போனா இருக்கும். 'நேத்து'ன்னே ஒரு கமாண்ட் உண்டு!

அதுலயும் ஒரு வேடிக்கை கேட்டியளா. உறைஞ்ச ஃபைலோட அனுமதிகளும் சேர்ந்தே உறைஞ்சிரும். எல்லாரும் படிக்கலாம்னு ஒருநாள் விட்டு வச்ச கடிதத்தை மறுநாள் பூட்டினாலும், அந்த 5 மணிக்குள்ள போனா திறந்தேதான் கிடக்கும். மாத்த முடியாது.

1994-ல் நெட்ஆப் நிறுவனத்தின் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூணு பேரும் வாஃபிள் என்கிற ஃபைல்சிஸ்டம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதில் எந்த டைரக்டரியிலும் '.ஸ்னாப்ஷாட்'னு ஒரு உள்ளறை. பட்டியல் போட்டா கண்ணுக்குத் தெரியாது, பேர் சொல்லிக் கூப்பிட்டா கதவு திறக்கும். 20 ஸ்னாப்ஷாட் வரை வச்சுக்கலாம்.

இந்த மூணுலயும் திறக்கிற தொல்லை பெருசா ஒண்ணும் இல்லை. ஏன்னா உறையச் சொன்னதும் உறைஞ்சதும் ஒரே ஆள். கணக்குப்பிள்ளை தானே நேரம் பாத்து, கையில இருக்கிற கணக்கை எழுதி முடிச்சு, பேனாவைக் கீழ வச்சிட்டுதான் "ம், இதுதான் 10 மணி"ங்கிறார். தொல்லை எப்ப ஆரம்பிச்சுதுன்னா, கணக்குப்பிள்ளையைக் கேக்காம, கடை மாடியிலிருந்து ஒருத்தன் போட்டோ பிடிக்கத் தொடங்கினபோது.

அந்த மாடி ஆள்தான் வால்யூம் மேனேஜர். லினக்ஸில் 1998-ல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் எழுதிய எல்விஎம், 2001-ல் வந்த 2.4 கெர்னலோட எல்லாருக்கும் கிடைச்சது. அது ஃபைல்சிஸ்டத்துக்கும் டிஸ்குக்கும் நடுவுல உக்காந்திருக்கும். அதுக்கு ஃபைல் தெரியாது, டைரக்டரி தெரியாது, வெறும் பிளாக் மட்டும்தான் தெரியும். எந்த ஃபைல்சிஸ்டமா இருந்தாலும் ஸ்னாப்ஷாட் எடுக்கும். வசதிதான். ஆனா உள்ள என்ன வேலை பாதியில நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

பாதியில நிக்கிறதுன்னா என்ன? நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பர் மரமும் தென்னையும் வாழையும் சாய்ஞ்சது மட்டுமில்ல, மின்கம்பங்களும் வரிசையா விழுந்து, பல கிராமங்கள்ல நாள் கணக்குல கரண்ட் இல்லை. கரண்ட் போன அந்த நொடியில ஓடிக்கிட்டிருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரோட டிஸ்கும் ஏதோ ஒரு வேலையின் நடுவுல நின்னிருக்கும். மாடியிலிருந்து எடுத்த ஸ்னாப்ஷாட் அச்சு அசலா அந்த நிலைமைதான். கம்ப்யூட்டர் என்னவோ நல்லா ஓடிக்கிட்டேதான் இருக்கு, ஆனா ஸ்னாப்ஷாட்டுக்குள்ள போய்ப் பாத்தா அங்க எப்பவும் ஒக்கி ராத்திரிதான்.

இதுக்குன்னுதான் ஃபைல்சிஸ்டத்துல ஜர்னல்னு ஒண்ணு வச்சாங்க. நம்ம கடைக் கணக்குல சிட்டை உண்டே, அதேதான். முதல்ல சிட்டையில குறிச்சுக்கிட்டு, பிறகு பேரேட்டுல ஏத்துவாங்க. நடுவுல கரண்ட் போனா, மறுபடி மவுண்ட் பண்ணும்போது சிட்டையைப் பாத்து விட்டுப்போன பதிவுகளைப் பேரேட்டுல ஏத்திரும். எக்ஸ்ட்3, எக்ஸ்எஃப்எஸ் எல்லாம் இப்படித்தான்.

இங்கதான் முதல் முடிச்சு. சிட்டையை ஏத்தணும்னா எழுதணும். ஆனா பழைய எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட் படிக்க மட்டும்தான், எழுத முடியாது. அப்ப என்ன ஆகும்? "எழுதாம என்னால இதைப் படிக்க முடியாது"ன்னு ஃபைல்சிஸ்டம் சொல்லும், "எழுத விட மாட்டேன்"னு ஸ்னாப்ஷாட் சொல்லும். மவுண்ட் ஆகாது. இதுல ஒரு கூத்து: எக்ஸ்ட்3-யை 'படிக்க மட்டும்'னு சொல்லி மவுண்ட் பண்ணினாலும், அடியில டிஸ்க் எழுத விட்டா அது சிட்டையை ஏத்திட்டுதான் மறுவேலை பாக்கும். தடயவியல் ஆளுங்களுக்கு இது பெரிய தலைவலி. சாட்சியைத் தொடாம பாக்கப் போனா, பாக்கிறதே தொடுறதா ஆயிருது.

இந்த முடிச்சை லினக்ஸ்காரங்களுக்கு முன்னாடியே தெளிவாப் பாத்தவங்க உண்டு. 1990களில் டெக் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் லீயும் சந்திரமோகன் தேக்கத்தும் பெட்டல் என்கிற பகிர்ந்த டிஸ்கைச் செய்து 1996-ல் கட்டுரை போட்டாங்க. (தேக்கத், லீ, சந்திரமோகன்னு பெயர்ப் பட்டியலைப் பாக்கும்போது, திருவனந்தபுரம் பஸ்ஸைத் தினம் பாக்கிற நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செய்யுது.) அதுக்கு மேல உக்காரும் ஃபிராஞ்சிபானி என்கிற ஃபைல்சிஸ்டத்தை தேக்கத், திமோத்தி மான், லீ மூணு பேரும் சேர்ந்து 1997-ல் வெளியிட்டாங்க.

அந்தக் கட்டுரையில் பேக்கப் பற்றி ஒரு சின்னப் பகுதிதான். ஆனா எனக்கு அதுதான் இந்த வரலாற்றின் நடுத்தூண். பெட்டல் எடுக்கிற ஸ்னாப்ஷாட், எல்லா சர்வரும் ஒரே நேரத்துல விழுந்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்னு அவங்களே சொல்லிடுறாங்க. அதைத் திருப்பி எடுக்கணும்னா, புது டிஸ்குல ஊத்தி ஒவ்வொரு சிட்டையையும் ஏத்தணும். பிறகு ஒரு திருத்தம் சொல்றாங்க: ஸ்னாப்ஷாட் எடுக்கும் முன்ன எல்லா சர்வரையும் ஒரு பொதுப் பூட்டு போட்டு நிறுத்துங்க, கையில இருக்கிறதை எழுதி முடிக்கச் சொல்லுங்க, பிறகு எடுங்க. அப்ப சிட்டை ஏத்தற வேலையே இல்லாம நேரா மவுண்ட் பண்ணி, வேணும்கிற ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக்கலாம். மாடியிலிருந்து போட்டோ பிடிக்கிறவன் கீழ பாத்து, "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பேனாவைக் கீழ வைங்க"ன்னு சொல்றான். அவ்வளவுதான் வித்தியாசம்.

லினக்ஸ் 2.4-இல் இதுக்குத் தனியா ஒரு ஒட்டு போட வேண்டியிருந்தது. 2003 டிசம்பரில் 2.6 வந்தபிறகு எல்விஎம்2 தானாவே ஃபைல்சிஸ்டத்தை நிறுத்தச் சொல்லிட்டு எடுக்கும், ஸ்னாப்ஷாட்டுலயும் எழுத முடியும். பிரச்சினை முடிஞ்சதா? எக்ஸ்ட்3-க்கு ஏறத்தாழ முடிஞ்சது. எக்ஸ்எஃப்எஸ் மட்டும் நிறுத்தின பிறகும் சிட்டையில வேணும்னே ஒரு பதிவை விட்டு வைக்கும். ஏன்னா, ஒரு புரோகிராம் திறந்து வச்சிருக்கும்போதே அழிக்கப்பட்ட ஃபைல்கள் உண்டு. அதுகளைப் பின்னால சுத்தம் செய்யணும்னு ஞாபகக் குறிப்பு. காரணம் நியாயம்தான். ஆனா படிக்க மட்டும் திறக்கிறவனுக்கு அது இன்னொரு பூட்டு. 'நோ-ரெகவரி'ன்னு ஒரு சொல் சேர்த்தாதான் கதவு திறக்கும்.

நம்ம மாவட்டத்துக்காரனுக்கு இது புதுசு இல்லைன்னு எனக்குத் தோணும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அதுக்கு முந்தின ஆதாரம் வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கும். ஆனா மலையாளத்துல இருக்கும், தேதி கொல்லம் ஆண்டுல இருக்கும். காகிதம் கையில இருந்தும், படிச்சுச் சொல்ல ஆள் தேடி அலைஞ்ச குடும்பங்கள் எத்தனை! சரி, அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இப்ப ரெண்டாவது முடிச்சு. தலைப்புல சொன்ன பஞ்சாயத்து.

ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்துக்கும் உருவாகும்போதே உலகத்துல வேற யாருக்கும் இல்லாத ஒரு நீள எண் கொடுத்திருப்பாங்க, யூயுஐடின்னு. ஸ்னாப்ஷாட் பிளாக்குக்கு பிளாக் அதே உருவம். அப்ப எண்ணும் அதேதான். அசல் ஏற்கெனவே மவுண்ட் ஆகி ஓடிக்கிட்டிருக்கும்போது ஸ்னாப்ஷாட்டைத் திறக்கப் போனா, எக்ஸ்எஃப்எஸ் "இதே யூயுஐடி ஏற்கெனவே உள்ள இருக்கு, முடியாது"ன்னு கதவைச் சாத்திரும். ஆர்கே05 தட்டைக் கையால ஏத்தின காலத்துல வராத கேள்வி இது.

நம்ம வீடுகள்ல இது சாதாரணம்லா. தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பாங்க. 'பேரன்'ங்கிற வார்த்தையே பெயரன்தான், பேரைத் தாங்குறவன். தாத்தா உயிரோட திண்ணையில இருக்கும்போதே அதே பேர்ல ஒரு பொடியன் முற்றத்துல ஓடுவான். மருமக மாமனார் பேரை வாயால சொல்லக் கூடாது. அப்ப பிள்ளையை எப்படி அதட்டுறது? அதுக்குத்தான் 'ராசா', 'குட்டி'ன்னு ஒரு கூப்பிடு பேர். பள்ளிக்கூடச் சான்றிதழ்ல தாத்தா பேர், வீட்டுக்குள்ள வேற பேர்.

எக்ஸ்எஃப்எஸ் கண்டுபிடிச்ச வழியும் கிட்டத்தட்ட இதேதான். 'நோ-யூயுஐடி'ன்னு சொல்லி மவுண்ட் பண்ணினா, பேர் ஒண்ணா இருந்தாலும் கண்டுக்காம விட்டிரும். நிரந்தரமா புது எண்ணே வச்சிரலாமேன்னா, அதுக்கும் வழி உண்டு, ஆனா சிட்டையில பாக்கி இருந்தா பேர் மாத்த விடாது. முதல்ல நோ-யூயுஐடி போட்டுத் திறந்து, சிட்டையை ஏத்தி, மூடி, பிறகுதான் பேர் மாத்தணும்.

2008 வாக்கில் நாகர்கோவில்ல ஒரு கடையில இது என் கண்ணு முன்னால நடந்தது. டெபியன் சர்வர், எல்விஎம் மேல எக்ஸ்எஃப்எஸ். காலையில யாரோ ஒரு மொத்த ஃபோல்டரையே அழிச்சிருந்தாங்க, ரெண்டு வருஷ பில் விவரம். ராத்திரி 2 மணி ஸ்னாப்ஷாட் இருக்குன்னு அவங்க ஆள் தைரியமா சொல்லிட்டார். திறக்கப் போனா மவுண்ட் பிழை. "கெட்டுப் போச்சு போல, அழிச்சிட்டு புதுசா எடுக்கவா?"ன்னு கேட்டாரே பாருங்க... எனக்கு மூச்சே நின்னுது. லாக்கைப் பாத்தா அதே 'டூப்ளிகேட்' செய்தி. ஒண்ணும் கெடலை, பேர்தான் பிரச்சினை.

ஆனா அதுக்குள்ள வேற ஒண்ணு கண்ணுல பட்டுது. தனித்தாள் கட்டு தீந்துபோகும் நிலைமை! இதுதான் மூணாவது முடிச்சு. ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கின இடம் 90 சதவீதத்தைத் தாண்டி நிறைஞ்சிருந்தது. அந்தக் கால எல்விஎம்மில் அது நிறைஞ்சா ஸ்னாப்ஷாட் அப்பவே செல்லாததாயிரும். பாதியாவது மிஞ்சும்னு இல்லை, மொத்தமும் போச்சு. இடத்தைக் கூட்டலாம்னா டிஸ்குல காலி இல்லை. முன்னால கவுன்டர்ல பில் போடுற ஒவ்வொரு தடவையும் எண் ஏறிக்கிட்டு இருக்கு. முதலாளிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, "எல்லாரும் கையால பில் போடுங்கடே"ன்னு கத்தினார். கவுன்டர் நின்னுது. நோ-யூயுஐடி போட்டு மவுண்ட் பண்ணி, ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு எடுத்து முடிச்சப்ப 97-ல நின்னுச்சு. அன்னைக்கு அந்தக் கடையில குடிச்ச டீயோட ருசி இன்னும் நாக்குல இருக்கு :-)

மத்த இடங்கள்லயும் இதே கதை வேற வேஷத்துல. விண்டோஸில் டிஸ்கை அப்படியே குளோன் பண்ணி ரெண்டையும் ஒரே மெஷின்ல மாட்டினா, கையெழுத்து மோதுதுன்னு சொல்லி ஒண்ணை ஆஃப்லைன்ல போட்டிரும். சன் நிறுவனம் 2005-ல் திறந்து விட்ட இசட்எஃப்எஸ், வாஃபிள் வழியிலேயே போய் ஃபைல்சிஸ்டமே ஸ்னாப்ஷாட் எடுக்குது, உள்ள போனா தானா மவுண்ட் ஆகுது. ஜப்பானில் என்டிடி ஆய்வுக்கூடம் 2005-ல் வெளியிட்ட நில்எஃப்எஸ் எல்லாத்துக்கும் மேல ஒரு படி: கேக்காமலேயே ஓயாம செக்பாயின்ட் போட்டுக்கிட்டே இருக்கும். ஆனா அதை அப்படியே மவுண்ட் பண்ண முடியாது. இதை ஸ்னாப்ஷாட்டா வச்சுக்கோன்னு முதல்ல குறிக்கணும், இல்லைன்னா குப்பை அள்ளுறவன் வந்து அள்ளிட்டுப் போயிருவான்.

விவகாரம் முத்துனது பிடிஆர்எஃப்எஸ்ஸில். கிறிஸ் மேசன் 2007-ல் தொடங்கி, 2009-ல் லினக்ஸ் 2.6.29-இல் சேர்ந்தது. அதோட சொந்த ஸ்னாப்ஷாட் அருமையா வேலை செய்யும். ஆனா அது ஒரே ஃபைல்சிஸ்டத்தைப் பல டிஸ்குல பரப்பும், எந்தெந்த டிஸ்க் தன்னோடதுன்னு யூயுஐடியை வச்சுத்தான் தேடும். அடியில எல்விஎம்மால ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தா, ஒரே பேர்ல ரெண்டு பேர் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்எஃப்எஸ் கதவைச் சாத்தினதோட நிறுத்திக்கிச்சு. இது ஆளை மாத்திப் பிடிச்சிரும், தாத்தா தலையில வைக்க வேண்டிய எண்ணெயைப் பேரன் தலையில வச்ச கதையா, எழுத்து தப்பான டிஸ்குக்குப் போய் தரவே கெடலாம்னு அவங்க ஆவணத்திலேயே எச்சரிக்கை போட்டு வச்சாங்க.

2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில்தான் இதுக்கு ஒரு வழி சேர்ந்துச்சு. ஒரே டிஸ்குல இருக்கிற பிடிஆர்எஃப்எஸ்ஸாக இருந்தா, அதே எண்ணோட ரெண்டாவது ஆள் வரும்போது, உள்ள இருக்கிற வரைக்கும் மட்டும் செல்லுபடியாகிற ஒரு தற்காலிக எண் கொடுத்து மவுண்ட் பண்ணிக்கும். டிஸ்குல எழுதின பேர் மாறாது. பல டிஸ்குல பரவியிருந்தா இந்தச் சலுகை கிடையாது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இன்னைக்கும் அதே பிழைச் செய்திதான், அதே நோ-யூயுஐடிதான்.